அந்த நோட்டைக் கொடுக்கலாமா?

வாசகர் கடிதம்:

"நாகர்கோவில் பக்கம் மீன்பிடி வலை செய்யும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் மெஷின் பக்கம் நூல் சுற்றும் வேலை. பிளஸ் டூ முடித்திருந்ததால் ஆபீசுக்கு மாற்றினார்கள். இப்போது ஆர்டர் எடுப்பது, மெஷினுக்குச் சீட்டு எழுதுவது, பார்சல் அனுப்புவது எல்லாம் நான்தான். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் ஆட்கள் மட்டுமல்ல, கேரளத்து ஆட்களும் என்னைத்தான் போனில் கூப்பிடுவார்கள். அம்மாவை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நாளிலும் போன் ஓயவில்லை. யார் எப்படி அளவு சொல்வார்கள், யாருக்கு எந்த நிறம், யாரிடம் பணம் நிற்கிறது என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சில மாதம் முன்பு பி.இ. படித்த ஒரு தம்பி சேர்ந்தான். புது சாஃப்ட்வேர் போடுகிறான். 'அக்கா, உங்க நோட்டைத் தந்தா எல்லாத்தையும் ஏத்திரலாம்' என்கிறான். முதலாளியும் 'கொடும்மா' என்கிறார். மீட்டிங்கில், 'செஞ்ச வேலையையே செய்யாதீங்க, கிரியேட்டிவா யோசிங்க' என்று வேறு சொன்னார். கூட வேலை பார்க்கும் அக்கா, 'நோட்டைக் கொடுத்தா உன் சோலி முடிஞ்சுது' என்கிறார். நான் இல்லாமல் கம்பெனி நடக்காது என்ற நிலை வேண்டும். என்ன செய்ய? தபாலில் எம்.பி.ஏ. படிக்கச் சொல்கிறார் வீட்டுக்காரர். படிக்கலாமா? பெயர் போட வேண்டாம்."

அன்புள்ள சகோதரிக்கு,

நோட்டைக் கொடுங்கள். ஆனால் அந்தத் தம்பி கையில் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடாதீர்கள். எப்படிக் கொடுப்பது என்பதை விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாளிலும் போன் ஓயவில்லை என்கிறீர்கள். அதை நீங்கள் குறையாக எழுதவில்லை. கொஞ்சம் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். பெருமைப்படக் காரணமும் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்கும் "நான் இல்லாமல் நடக்காது" என்ற நிலை உங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. வந்தும் உங்களுக்கு நிம்மதி இல்லை. சம்பளம் கூடியதாகவும் எழுதவில்லை. லீவு போட முடியவில்லை, பயம் போகவில்லை. அப்படியென்றால் நீங்கள் தேடுவது அது இல்லை.

நான் பல வருடம் தொழிற்சாலைகளில் பர்சனல் பிரிவில் இருந்தவன். ஒவ்வொரு கம்பெனியிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஒரு மெஷினின் கோளாறு அவருக்கு மட்டும்தான் தெரியும், ஒரு கணக்கு அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கும். எல்லோரும் மரியாதையாக நடத்துவார்கள். பதவி உயர்வு வரும்போது மட்டும் வேறு ஒருவருக்குப் போய்விடும். "அவரை அங்கேயிருந்து எடுத்தா மெஷின் நின்னுருமே" என்பார்கள். இதை எத்தனையோ மேசைகளில் நேரில் கேட்டிருக்கிறேன்.

முதலாளி பக்கமிருந்தும் பாருங்கள். ஒரே ஆளை நம்பித் தொழில் நிற்பது அவருக்கு நன்றியையும் தரும், பயத்தையும் தரும். இரண்டில் பயம்தான் சீக்கிரம் வேலை செய்யும். "இவங்க நாளைக்கு வேற கம்பெனிக்குப் போய்ட்டா?" என்று அவர் ஒரு இரவாவது யோசித்திருப்பார். சொன்னால் கோபப்படாதீர்கள், அந்த சாஃப்ட்வேர் வந்ததற்குப் பாதிக் காரணம் நீங்களாகவே இருக்கலாம். நோட்டை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்களோ அவ்வளவு வேகமாக அவர் மாற்று வழி தேடுவார்.

இன்னொரு வகை ஆள் உண்டு. தினசரி வேலை அவர் இல்லாமலும் நடக்கும். ஆனால் இதுவரை வராத ஒன்று வந்தால் முதலாளி அவரைத்தான் தேடுவார். கொல்லத்திலிருந்து ஒருவர் உங்கள் கம்பெனி இதுவரை போடாத ஒரு வலையைக் கேட்கிறார், எடுக்கலாமா வேண்டாமா? ஒரே வாரத்தில் மூன்று பேர் வலையைத் திருப்பி அனுப்புகிறார்கள், என்ன கோளாறு? இந்தக் கேள்விகள் யார் மேசைக்கு வருகின்றனவோ அவரை வெளியே விட எந்த முதலாளிக்கும் மனம் வராது. பழைய வேலை உங்களை நம்பி நிற்பதை விட, புதுப் பிரச்சினை உங்களைத் தேடி வருவதுதான் உங்களுக்கு நல்லது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான வழி.

சரி, நோட்டுக்கு வருவோம். அதில் என்ன இருக்கிறது? பெயர், அளவு, நிறம், பாக்கி. இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு வாரம் போதும். ஆனால் அந்த வரிகளை ஏன் அப்படி எழுதினீர்கள் என்பது நோட்டில் இல்லை. வலையின் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கண்ணி, அந்தக் கண்ணி அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு வரை அளந்து 30 மில்லிமீட்டர் என்பார். இன்னொருவர் கண்ணியை இழுத்துப் பிடித்து முழு நீளத்தை அளந்து அதே வலையை 60 என்பார். இரண்டும் சரி. சாஃப்ட்வேரில் "கண்ணி அளவு" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். தம்பி அதில் 30 என்றோ 60 என்றோ போடுவான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மெஷினில் தப்பான அளவு ஏறி ஒரு கட்டு வலை முடிந்து வந்தபிறகு அதை என்ன செய்வது? வேறு யாராவது அதே அளவு கேட்கும்வரை கோடவுனில் கிடக்க வேண்டியதுதான்.

இது ஒரு எண்ணோடு நிற்பதும் இல்லை. நூல் 210 டெனியரில் (டெனியர் என்பது இழையின் பருமனைக் குறிக்கும் அளவு) எத்தனை இழை, முறுக்கிய நைலான் நூலா ஒற்றை இழைத் தங்கூஸா, ஆழம் எத்தனை கண்ணி, நீளம் எத்தனை மீட்டர் என்று ஒரு வலைக்கு நாலைந்து விவரம் வேண்டும். போன் செய்பவர் இவ்வளவையும் சொல்வாரா? "யக்கா, போன தடவ தந்த அதே வலை, கண்ணி மட்டும் கொஞ்சம் போல பெருசு" என்பார். பின்னால் கடல் இரைச்சல் வேறு. "கொஞ்சம் போல" என்றால் அவருக்கு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அவர் சாளைக்கு வலை கேட்கிறாரா நெத்தோலிக்கா என்று பருவத்தை வைத்தே ஊகித்துவிடுவீர்கள். சந்தேகம் வந்தால் எந்த இரண்டு கேள்வி கேட்டால் விஷயம் வெளியே வரும் என்பதும் தெரியும். இதை எந்த நோட்டிலிருந்தும் எடுத்து ஏற்ற முடியாது. கூட வேலை பார்க்கும் அக்கா பயப்படுவது இந்த இடத்தில்தான் தவறாகிறது. கறிக்குழம்பின் செய்முறையை எழுதிக் கொடுப்பதால் சமைத்தவரின் கைப்பக்குவம் போய்விடாது.

அதனால் கொடுக்கும் முறை இப்படி இருக்கட்டும். நோட்டைக் கொடுக்கும் முன் முதலில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு முதலாளியிடம் நீங்களே போய், "அண்ணாச்சி, நோட்டை ஏத்துறதுக்கு முன்னாடி எந்தெந்த விவரம் கட்டாயம் வேணும்னு நானும் தம்பியும் உட்கார்ந்து முடிவு பண்றோம்" என்று சொல்லுங்கள். வாயால் சொன்னதை அன்றைக்கே நாலு வரியில் வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள். அந்தச் செய்தியில் உங்கள் பெயரும் தேதியும் இருக்கும். நாளைக்கு சாஃப்ட்வேர் நன்றாக ஓடினால் அதில் உங்கள் பங்கு என்ன என்று யாரும் மறக்க முடியாது. வெட்கப்பட வேண்டாம். நம் ஊரில், குறிப்பாகப் பெண்கள், செய்த வேலையைச் சொல்லிக்கொள்வதைத் தற்பெருமை என்று நினைக்கிறார்கள். சொல்லாத வேலை இன்னொருவர் கணக்கில் ஏறும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

தம்பியோடு உட்காரும்போது கண்ணி அளவுக்கு இரண்டு கட்டம் கேளுங்கள்: முடிச்சுக்கு முடிச்சு ஒன்று, இழுத்துப் பிடித்த அளவு ஒன்று. ஒன்றைப் போட்டால் மற்றது தானாக வர வேண்டும். முதலில் எந்த அளவு சொன்னார் என்பதும் வாடிக்கையாளர் பெயரோடு பதிவாக வேண்டும். அவனுக்கு இது அரை மணி நேர வேலையாக இருக்கலாம். உங்கள் முதலாளி கேட்ட "கிரியேட்டிவ்" வேலையில் முதலாவது இதுதான் என்று அவருக்கே அப்புறம்தான் புரியும்.

அவனிடமிருந்து நீங்களும் வாங்க வேண்டியது உண்டு. பழைய பில்களை வைத்து எந்த மாதம் எந்த அளவு வலை அதிகம் போனது என்று கம்ப்யூட்டரில் பிரித்துப் பார்க்க அவன் கற்றுத் தரட்டும். நீங்கள் கேட்டால் அவன் சந்தோஷமாகச் சொல்லித் தருவான். புதிதாக வந்த பையனுக்கும் அந்த ஆபீசில் ஒரு ஆதரவு வேண்டும்தானே.

இனி அந்த "கிரியேட்டிவா யோசிங்க". இந்த வார்த்தையை மீட்டிங்கில் கேட்டாலே பலருக்கு எரிச்சல் வரும், எனக்கும் வரும். என்ன வேண்டும் என்று தெரியாத முதலாளிகள்தான் இதை அடிக்கடி சொல்வார்கள். ஆனாலும் அதை உதறிவிடாதீர்கள். உட்கார்ந்து மோட்டைப் பார்த்தால் யோசனை வராது. குறை சொல்கிறவர்கள் பக்கத்தில் போய் நிற்பவர்களுக்கு வரும்.

நம் முட்டத்திலேயே இதற்கு ஒரு கதை உண்டு. கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் கிடைப்பது அரிதாகி விலையும் ஏறிய காலத்தில், 1980களின் தொடக்கத்தில், அங்கே ப்ளைவுட்டில் வள்ளம் கட்டிப் பார்த்தார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே என்ற பொறியாளர் அதில் முக்கியமானவர். வரைபடத்தில் நன்றாக இருந்த வள்ளம் நம் கடற்கரை அலையை எதிர்த்து இறங்கி, திரும்பிக் கரையேற வேண்டுமே! கடலுக்குக் கொண்டுபோனவர்கள் வந்து குறை சொல்ல, அதைக் கேட்டு மாற்றி மாற்றிக் கட்டித்தான் அது நிலைத்தது. இன்று இந்தக் கரையில் ப்ளைவுட் வள்ளத்தை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அந்தப் பொறியாளருக்குப் படிப்பு இருந்தது, உண்மைதான். ஆனால் குறையைக் கேட்க உட்கார்ந்ததும் படிப்பு அளவுக்கே பலன் தந்தது.

உங்கள் மேசைக்கு வருவதெல்லாம் குறைதான். அந்த வகையில் கம்பெனியிலேயே அதிர்ஷ்டமான இருக்கை உங்களுடையது. திரும்பி வந்த வலைகளுக்கு ஒரு தனிப் பக்கம் போடுங்கள்: யார், என்ன வலை, என்ன காரணம் சொன்னார், உண்மையான காரணம் என்ன. கடைசிக் கட்டத்துக்கு நீங்கள் மெஷின் பக்கம் போக வேண்டியிருக்கும். அறுந்த கண்ணியைக் கையால் பின்னிச் சரிசெய்கிற பெண்கள் அங்கே இருக்கிறார்கள் அல்லவா, எந்த மெஷினில் முடிச்சு நழுவுகிறது என்பது அவர்களுக்கு மேனேஜரை விட முன்பே தெரியும். யாரும் கேட்பதில்லை என்பதால் சொல்வதில்லை. நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர். உங்களிடம் சொல்வார்கள். அவர்கள் சொன்னதை மேலே கொண்டுபோகும்போது அவர்கள் பெயரையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் இரண்டாவது தடவை சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது, உங்கள் நாளில் காவல் நிற்கிற வேலை எது என்று பாருங்கள். ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பவர் உருவாக்கி 1924இல் வந்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு தறிக்கும் ஒருவர் கண்கொட்டாமல் நிற்க வேண்டியதில்லை, ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். இன்றைய டொயோட்டா கார் கம்பெனி அவர் குடும்பத்திலிருந்து வந்ததுதான். உங்களுக்கு வரும் போன்களில் எத்தனை, "யக்கா, பார்சல் போட்டாச்சா?" என்பது? ஒரு வாரம் கோடு போட்டு எண்ணுங்கள். பார்சல் போட்ட உடனே ரசீதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை வழக்கமாக்கினால் அதில் பெரும்பகுதி நின்றுவிடும். இது பெரிய கண்டுபிடிப்பு இல்லைதான். ஆனால் யோசிப்பதற்கு நேரமே கிடைக்காதவரிடம் புது யோசனை கேட்பது வீண், முதலில் அந்த நேரம் உங்கள் கைக்கு வரட்டும்.

வந்த நேரத்தில் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். நம் மாவட்டத்துக்கென்று ஒரு விசித்திரம் உண்டு, உங்களுக்குத் தெரியாததல்ல. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது வள்ளக்காரர்கள் என்ன வலை கேட்கிறார்கள்? தடை முடிவதற்கு எத்தனை நாள் முன்னால் ஆர்டர் குவிகிறது? எந்த அளவு வலையை முன்கூட்டியே போட்டு வைத்தால் கடைசி வாரம் ஓவர்டைம் குறையும்? ஒன்பது வருடப் பில் உங்கள் அலமாரியில் இருக்கிறது. கரை கரையாகப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் நினைத்ததுதான் வரும் என்று நான் சொல்லவில்லை, நினைக்காதது வந்தால்தான் இன்னும் நல்லது.

எது கிடைத்தாலும் முதலாளியிடம் பெரிய திட்டமாகக் கொண்டுபோக வேண்டாம். அரைப் பக்கம் போதும். பிரச்சினை என்ன, ஒரு சின்ன அளவில் எப்படிச் செய்து பார்க்கலாம், எவ்வளவு செலவாகும், சரிவரவில்லை என்றால் எப்படிப் பழைய முறைக்குத் திரும்புவது. கடைசிக் கேள்விக்கான பதிலைத்தான் முதலாளிகள் முதலில் படிப்பார்கள். "எல்லாருக்கும் மாத்துவோம்" என்றால் யோசிப்பார். "முட்டத்து ஆட்கள் ரெண்டு பேருக்கு மட்டும் ஒரு மாசம் செஞ்சு பாப்போம்" என்றால் பெரும்பாலும் "செரி, பாரு" என்பார். கூட்டத்தில் சொல்லாதீர்கள், தனியாகச் சொல்லுங்கள். மேனேஜர் ஒருவர் இருந்தால் அவருக்கு முதலில் காட்டிவிட்டுப் போங்கள். அவரைத் தாண்டிப் போனால் யோசனை நல்லதாக இருந்தாலும் அங்கேயே செத்துவிடும்.

இவ்வளவு செய்தும் ஏமாற்றிவிட்டால்? நோட்டை வாங்கிக்கொண்டு, சாஃப்ட்வேரைப் போட்டுக்கொண்டு, "இனி வர வேண்டாம்" என்று சொல்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள். இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று பொருள். உங்கள் முதலாளி எப்படிப்பட்டவர் என்பது ஒன்பது வருடத்தில் உங்களுக்கே தெரிந்திருக்கும். பழைய ஆட்களை எப்படி அனுப்பினார் என்று நினைத்துப் பாருங்கள். அவர் அப்படிப்பட்டவர் என்றால் நோட்டைக் கொடுக்காமல் இருப்பது உங்களுக்குச் சில மாதத்தைத்தான் வாங்கித் தரும். எப்படியும் சில விஷயங்களை இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் உங்கள் யு.ஏ.என். என்ற பி.எஃப். கணக்கு எண்ணில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று போனிலேயே பார்க்கலாம். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருப்பதால் வேலையை விட்டு வரும்போது ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்கு ஒன்பது வருடமும் அங்கே இருந்ததைக் காட்டும் ஆதாரம் வேண்டும், சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. நீங்கள் ஆர்டர், உற்பத்திச் சீட்டு, டெஸ்பாட்ச் மூன்றையும் பார்க்கிறீர்கள். ஆனால் காகிதத்தில் உங்கள் பதவி என்ன? கடிதத்தில் நீங்கள் அதைக் குறிப்பிடவே இல்லை. "ஆபீஸ் அசிஸ்டென்ட்" என்று இருந்தால் மாற்றக் கேளுங்கள். சம்பள உயர்வும் பதவிப் பெயரும் ஒன்றாகக் கிடைக்காவிட்டால் இந்த வருடம் பதவிப் பெயரை வாங்குங்கள். பணத்தை அடுத்த வருடம் கேட்கலாம். பெயர் இருந்தால் வேறு கம்பெனியிலும் கேட்கலாம். சாஃப்ட்வேர் வேலை பாதி நடந்துகொண்டிருக்கும்போது கேளுங்கள். முடிந்தபிறகு கேட்டால் "பார்க்கலாம்மா" என்றுதான் பதில் வரும். இது மிரட்டல் ஆகாது. எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்பது வியாபாரம் செய்கிறவருக்கும் தெரியும், அவர் தப்பாக நினைக்க மாட்டார்.

கூட வேலை பார்க்கும் அக்காவிடம் வாதாட வேண்டாம். அவர் உங்கள் மேல் அக்கறையில்தான் சொன்னார். தடைக்காலக் கணக்கை எடுக்கும்போது அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லீவு விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். நோட்டு ஏறி முடிந்ததும், அவசரம் எதுவும் இல்லாத ஒரு வாரமாகப் பார்த்து இரண்டு நாள் லீவு போடுங்கள். போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் அவன் எங்கே தடுமாறினான் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் புது நோட்டு அங்கேதான் தொடங்குகிறது. அந்த இரண்டு நாளும் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் போய்விட்டால் பதற வேண்டாம். முதலாளி உங்களை வேறு வேலைக்கு எடுக்கத் தைரியம் கொள்வது அன்றைக்குத்தான்.

எம்.பி.ஏ. பற்றி வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: அதற்கு முதலில் ஒரு டிகிரி வேண்டும். பிளஸ் டூவோடு நேராக எம்.பி.ஏ.வுக்கு யாராவது சேர்த்துக்கொள்கிறேன் என்றால் பணத்தைக் கட்டாதீர்கள். தொலைநிலைக் கல்வியில் பி.காம். எடுத்தால் உபயோகமாக இருக்கும். இந்தக் கம்பெனிக்கு அது தேவைப்படாது, அடுத்த கம்பெனி கேட்கும். சேரும் முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் நடப்பு ஆண்டுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அங்கீகாரம் படிப்புவாரியாக மாறும். இந்த வருடமே சேர வேண்டியதில்லை. அம்மா உடம்பு தேறட்டும், சாஃப்ட்வேர் வேலை முடியட்டும். அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பம் போடுங்கள்.